நாலு காலும் தரையில் படாமல்

ரொட்டிக்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. டாக்டர்கள் மேல் சுத்தமாகக் கிடையாது. டாக்டர் வாயைத் திறந்தால் பின்னாலேயே ஒரு பாட்டில் வெளியே வரும் என்பது அவர் கண்ட உண்மை. அதனால்தான் நாய் டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது அவரை உலுக்கிவிட்டது. அந்தப் பெண் எதையுமே விற்கவில்லை.

"ஐயா, இது பெரிசா வளர்ற இனம். காலைப் பாருங்க, இப்பவே உங்க உள்ளங்கை அளவு இருக்கு. எலும்போட நுனியெல்லாம் இன்னும் இளசு. முழுசா வளர்ற வரைக்கும் படி ஏற விடாதீங்க. இறங்க விடவே விடாதீங்க. கட்டில்லேர்ந்து குதிக்கக் கூடாது. வழுக்குற தரையில ஓடக் கூடாது. இடுப்பு மூட்டு கெட்டுப்போச்சுன்னா ஆயுசு முழுக்க நொண்டும்."

"மாத்திரை?"

"வேணாம்."

"ஊசி?"

"அதான் போன தடவையே போட்டாச்சே."

"அப்ப என்னதான் வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேணாம் ஐயா. நீங்க பார்த்துக்கிட்டாப் போதும்."

ஒன்றும் வாங்க வேண்டாம் என்று ஒரு டாக்டரே சொன்னால் நிலைமை கைமீறி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ரொட்டிக்காரர் குட்டியை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெளியே வந்தார். வழியில் ஒரு நடைபாதை மேட்டில்கூட இறக்கிவிடவில்லை.

அவருக்கு வேறு பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும், தபால்காரரும் வருவதில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு ரொட்டிக் கூடத்தில் மாவு மூட்டை சுமந்து, மாவு பிசைந்து, அடுப்புக்கு முன்னால் நின்றே கிடந்தவர். நின்ற நிலையிலேயே முழங்கால் தேய்ந்துபோனது. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு நாலாவது மாடி வீட்டில் தனியாக இருந்தார். காலையில் தண்ணீர் கொதிக்க வைப்பார், குடிப்பார், கழுவி வைப்பார். அதற்கப்புறம் சாயங்காலம் வரை செய்ய ஒன்றும் இருக்காது. பகல் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு வாயைத் திறந்தால் குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வரும்.

வெளியூரில் இருந்த மகள் ஞாயிறு தோறும் கூப்பிடுவாள். ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்: "என்னப்பா குரல் இப்படி இருக்கு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்கு இப்பதான் பேசறேன், அதான்."

அடுத்த வாரம் மகள் அனுப்பியதாக யாரோ ஒரு கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இந்தக் குட்டி இருந்தது.

"பேர் என்னப்பா வெச்சீங்க?"

"பேரா? வாடான்னா வருது. அப்புறம் பேர் வேற எதுக்கு?"

அப்படியே அது வாடா ஆயிற்று.

டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே ரொட்டிக்காரர் வீட்டைக் கலைத்தார். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். கல்யாணமான புதிதில் வாங்கிய கட்டில். அதில் ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருந்தது, மறுபக்கம் மேடாகிக்கொண்டு வந்தது. மெத்தையைத் தரையில் போட்டு அதில் படுத்தார். நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்தார். பரணில் கிடந்த பழைய மாவுச் சாக்குகளைத் தைத்து, வழவழத் தரை முழுக்க விரித்தார். வீடு ஒரு கிடங்கு மாதிரி ஆனது. வாடா அதில் வழுக்காமல் நடந்தது. அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் எல்லாம் சரி. ஆனால் நாய் என்றால் கீழே போக வேண்டும் அல்லவா? சனியன் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. சங்கம் என்ற பெயரில்.

கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அதன் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகையும் உண்டு. 'மின்தூக்கியில் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு, குடியிருப்போர் நலச் சங்கம்.' அந்தப் பலகையைத் துடைக்கத் தனியாகத் துணி இருந்தது. லிஃப்டைத் துடைக்கத்தான் துணி இல்லை.

"தம்பி, குட்டிப்பா. பஞ்சு மாதிரி இருக்கு," என்றார் காவலாளியிடம்.

காவலாளி நல்ல ஆள். தூணுக்குக் கைகால் முளைத்த மாதிரி உடம்பு, குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல். "எனக்கு ஒண்ணும் இல்ல பெரியவரே. மேல கேமரா இருக்கு. அவங்க பார்த்தா என் வேலை போயிரும். கூட்டத்துல கேட்டுருங்களேன்."

கூட்டம் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. ரொட்டிக்காரர் அதுவரை ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. முதலில் சென்ற கூட்டத்தின் குறிப்பைச் செயலாளர் அம்மா வாசித்தார். சென்ற கூட்டத்தில் அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது என்று அந்தக் குறிப்பில் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஏன் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "வழக்கம்," என்றார் அவர்.

தலைவர் எழுந்தார். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். மைக் கைக்கு வந்ததும் ஆளே மாறிப்போவார்.

"பெரியோர்களே! இந்தச் சங்கம் விலங்குகளுக்கு எதிரி அல்ல. நான் தனிப்பட்ட முறையில் மீன் வளர்க்கும் வீடுகளுக்குச் சென்றிருக்கிறேன். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை இயற்றியவன் நான். இயற்றியவனே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்? யாருமே மதிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்." கை தட்டல். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு ரொட்டிக்காரரைப் பார்த்தார். "நாய் என்ன சைசுங்க?"

"கையில அடங்கும்."

"கையில அடங்குமா? அப்ப ஒரு வழி இருக்கு." மைக்கிலிருந்து கையை எடுத்தார். "மின்தூக்கியில் தன் காலால் நிற்பது பயணி. பிறர் கையில் இருப்பது சாமான். ஆகவே, நாலு காலும் தரையில் படாதவரை நாய் என்பது சாமான் என்றும், சாமானுக்குச் சொந்தக்காரர் கூடவே இருக்க வேண்டும் என்றும் தீர்மானிக்கிறோம்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குறிப்பில் எழுதச் செயலாளர் அம்மா பெயர் கேட்டார்.

"வாடா."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க இது, மரியாதை இல்லாம?"

"உங்கள இல்லம்மா. அதோட பேரு."

"சங்கக் குறிப்புல அப்படியெல்லாம் எழுத முடியாது," என்று சொல்லிவிட்டு, 'நாயின் பெயர்: வாருங்கள்' என்று எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் நன்றாகவே போனது. ரொட்டிக்காரர் வாடாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவார். முன்பெல்லாம் லிஃப்டில் யாராவது ஒருவர் "மழை வரும் போல இருக்கே" என்றாவது சொல்வார்கள். ரொட்டிக்காரர் சில நாள் காரணமே இல்லாமல் கீழே போய்விட்டு மேலே வந்திருக்கிறார், அந்த மழைப் பேச்சுக்காக. நாயைத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்ததும் ஜனங்கள் நெருப்பைக் கண்ட மாதிரி வெளியே இறங்கிக்கொண்டார்கள். "நீங்க போங்க, நாங்க அப்புறமா வர்றோம்." போனால் போகட்டும் என்று அவர் வாடாவிடமே சொல்வார்: "மழை வரும் போல இருக்குடா."

சிக்கல் என்னவென்றால், குட்டி சங்கத்தின் தீர்மானத்தைப் படிக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. கைக்குள் அடங்கியது தோளுக்கு வந்தது. தோளில் கிடந்தது இரண்டு பக்கமும் தொங்கியது. மாவு மூட்டை தூக்கிய உடம்புதான் என்று ரொட்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். மாவு மூட்டை நெளியாது, முகத்தை நக்காது, மூன்றாவது மாடியில் தும்மாது. முழங்கால் இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தன. தீர்மானத்தில் அவர் முழங்காலைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒரு நாள் இரண்டாவது மாடி தாண்டும்போது கை நழுவிவிட்டது. வாடா லிஃப்டின் தரையில் நின்றது. கதவு திறப்பதற்குள் மறுபடி அள்ளிக்கொண்டார். ஆனால் கேமரா கண் சிமிட்டாதே.

மறுநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'தங்கள் சாமான் தன் முன்னங்கால் இரண்டையும் பின்னங்கால் ஒன்றையும் தரையில் ஊன்றியது பதிவாகியுள்ளது. நான்காவது கால் குறித்து ஐயம் நிலவுகிறது. விளக்கம் தரவும். மறுமுறை நடந்தால் நாயைக் கட்டடத்தை விட்டு அனுப்ப நேரிடும்.'

கடைசி வரியை ரொட்டிக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பவும் படித்தார். உள்ளே போய் மெத்தையில் உட்கார்ந்தார். வாடா வந்து அவர் செருப்பை எடுத்துக் கொடுத்தது, வெளியே போகலாம் என்று. எங்கே போவது?

சங்க விசாரணையில், டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கிய சீட்டை நீட்டினார். தலைவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது ஒரு டாக்டரோட அபிப்பிராயம், அவ்வளவுதான். சங்கம் தன் கண்ணால பார்க்க வேணாமா? நாய் படி ஏறினா மூட்டு கெடுமா கெடாதான்னு நேர்ல பார்த்துரலாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. நாலு மாடி ஏறட்டும், இறங்கட்டும். கெட்டுச்சுன்னா உடனே அனுமதி."

"கெட்டப்புறம் அனுமதியை வெச்சு நான் என்ன பண்றது?"

"பெரியவர் அவசரப்படறாரு. ஆதாரம் இல்லாம எப்படிங்க?"

"ஏறாது. ஏற விடமாட்டேன். என்னை வேணா ஏறச் சொல்லுங்க."

இதைக் கேட்டுச் செயலாளர் அம்மாவுக்குப் பொறி தட்டியது. "தலைவரே, நாய்க்குப் பதிலா யாராச்சும் ஏறிப் பார்க்கலாமே? நாயோட சார்புல."

கூடம் சுறுசுறுப்பானது. நாயின் சார்பில் ஏறுபவர் பொறுப்பான ஆளாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். சங்கத்தின் முழு நம்பிக்கையைப் பெற்றவராக இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ரொட்டிக்காரர் இரண்டிலும் தேறவில்லை. கடைசியில் நாய்க்குச் சமமான தகுதி தலைவருக்கு மட்டுமே இருக்கிறது என்று முடிவாயிற்று. தலைவர் எழுந்து கை கூப்பினார். இரண்டு காலில் ஏறுவதா நாலு காலிலா என்று ஒரு கேள்வி வந்தது. ஓட்டெடுப்பில் இரண்டு கால் வென்றது, நூலிழையில்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஏறினார். பின்னால் செயலாளர் அம்மா எழுதிக்கொண்டே ஏறினார். முதல் மாடியில் தலைவர் ஒரு சிறு உரை ஆற்றினார். இரண்டாவது மாடிக்கு முந்தின திருப்பத்தில் அவருடைய முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கீழே நின்ற காவலாளிக்கே கேட்டதாம். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் உட்கார்ந்தபடியே பேசினார். காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தார்.

"பெரியோர்களே! ஒரு வாயில்லா ஜீவனின் வலியை நான் என் மூட்டில் தாங்கினேன். படி என்பது கொடியது. இத்தனை காலம் இது நம் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நாம் லிஃப்டில் போய்க்கொண்டிருந்தோம். இன்று இன்னொன்றும் சொல்கிறேன். லிஃப்டுக்கும் மூட்டு உண்டு! அதுவும் ஏறுகிறது, இறங்குகிறது. அதன் வலியை யார் கேட்டோம்? கண்டவரெல்லாம் ஏறினால் அது என்ன ஆகும்? ஆகவே இனிமேல் மூட்டுச் சான்று பெற்றவர்கள் மட்டுமே மின்தூக்கியில் செல்வார்கள்!"

கை தட்டல் வெகுநேரம் நீடித்தது. முதல் சான்று தலைவருக்கு. அவருடைய வலியை அருகில் இருந்து எழுதியதால் அடுத்தது செயலாளர் அம்மாவுக்கு. பிறகு குழு உறுப்பினர்களுக்கு, அவர்கள் வருந்தியதால். அதற்கப்புறம் யாருடைய சார்பில் இத்தனையும் நடந்ததோ, அந்த வாருங்கள் அவர்களுக்கு. ஒரு நீல வில்லையைச் செயலாளர் அம்மாவே குனிந்து வாடாவின் கழுத்தில் மாட்டினார். இனி அது தன் சொந்தக் காலில், பயணியாக, லிஃப்டில் போகலாம்.

ரொட்டிக்காரருக்கு நம்பவே முடியவில்லை. "அப்ப சரிங்க. நாங்க ரெண்டு பேரும்…"

"ரெண்டு பேரு இல்லீங்க," என்றார் செயலாளர் அம்மா. "சான்று நாய்க்கு. நீங்க தனியா எழுதிக் குடுக்கணும். அலுவலகத்துக்கு நேர்ல வாங்க."

சங்க அலுவலகம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை. ரொட்டிக்காரர் மறுநாள் காலையில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். அறைக்குள் போய் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செயலாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிங்க வந்தீங்க?"

"படியில."

"மேல வரைக்குமா?"

"லிஃப்டுலதான் எனக்கு அனுமதி இல்லியே."

"அப்ப மூட்டு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" அம்மாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "இந்த வயசுல இவ்வளவு ஏறியிருக்கீங்க! பெருமைப்படணும் ஐயா நீங்க. மூட்டு கெட்டவங்களுக்குத்தான் சான்று."

"கெட்டவங்க இங்க எப்படி வருவாங்க?"

"அதான் யாரும் வர்றதில்ல," என்றார் அம்மா. "நம்ம கட்டடத்துல எல்லாரும் ஆரோக்கியமா இருக்காங்கன்னு அறிக்கைல எழுதியிருக்கோம்."

இப்படியாக ஒரு புது வழக்கம் வந்தது. காலையும் மாலையும் காவலாளி வாடாவை லிஃப்டில் கூட்டிக்கொண்டு போவார். ரொட்டிக்காரர் படியில் போவார். கதவு மூடும்போது வாடா அவரையே பார்க்கும். காது இரண்டும் பின்னால் போகும். "வர்றேன்டா, போ" என்பார். மேலே போனதும் வீட்டு வாசலில் உட்கார்ந்து காத்திருக்க அதற்குப் பழக்கியிருந்தார். 'இரு' என்ற ஒரு சொல்லை மட்டும் பாடம் மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் கடைசிப் படியில் தலை காட்டும்போது அது எழுந்து வாலால் கதவை அடிக்கும். தினமும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவரைப் போல அவரை வரவேற்கும். அந்தக் கட்டடத்தில் அவர் வருவதைப் பார்த்து எழுந்து நிற்கிற ஒரே ஜீவன் அதுதான்.

படியில் யாரையும் பார்க்க முடியாது. சான்று இல்லாத மற்றவர்கள் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்கள். திருப்பங்களில் கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "நாய்க்கு லிஃப்டு குடுத்துட்டாங்களாமே! பரவால்லியேப்பா உங்க சங்கம்!"

"ம்."

"நீங்க எப்படிப் போறீங்க?"

"நான் நடக்கறேன். டாக்டர் நடக்கச் சொல்றாங்கள்ல எல்லாரையும்."

"அதுவும் நல்லதுதான்ப்பா," என்றாள் மகள்.

பிறகு விழா வந்தது. மூட்டு நல விழா. தலைவரின் முழங்கால் 'டக்' என்ற நாளை ஆண்டுதோறும் கொண்டாடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். கூடத்தில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, வண்ணக் காகிதம் ஒட்டினார்கள். நிகழ்ச்சியின் தொடக்கமாக வாடா ஒரு ரிப்பனைத் தாண்டிக் குதிக்க வேண்டும் என்று கேட்டு வந்தார் செயலாளர் அம்மா.

"குதிக்கக் கூடாதுன்னுதானேம்மா விழாவே?"

"ஒரே ஒரு தடவைதானே ஐயா. அடையாளமா."

"முடியாது."

"நீங்க எதுக்குமே ஒத்துழைக்கறதில்ல," என்று அம்மா வருத்தப்பட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வாடாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது கூடம் நிரம்பியிருந்தது. காவலாளி ஒரு கையில் மைக் ஸ்டாண்டும் இன்னொரு கையில் நாற்காலியுமாக ஓடிக்கொண்டிருந்தார். "பெரியவரே, இன்னிக்கு என்னால மேல வர முடியாது. அதை உள்ள விட்டு நாலை அமுக்கி விட்டுடறேன். அதுவே போயிரும், அதுக்குத்தான் எல்லாம் தெரியுதே." கதவு மூடியது. வாடா காதைப் பின்னால் மடித்துக்கொண்டு தனியாக மேலே போனது.

ரொட்டிக்காரர் படியேறினார். மூன்றாவது மாடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வலது முழங்கால் அவரைக் கேட்காமலே மடிந்தது. கைப்பிடியைப் பிடித்தார், பிடி கிடைக்கவில்லை. உட்கார்ந்த மாதிரி விழுந்தார். எழ முயன்றார். கால் வேறு யாருடையதோ மாதிரிக் கிடந்தது.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். கத்தினால் கீழே ஒருவருக்கும் கேட்காது, மைக் அலறுகிறது. மேலே ஒருத்தனுக்குக் கேட்கும். கேட்டால் அவன் படியில் இறங்கி ஓடி வருவான். தலைகால் தெரியாமல், நாலு காலும் வழுக்க வழுக்க. இத்தனை நாள் தூக்கிச் சுமந்ததெல்லாம் ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்திலிருந்து தலைவரின் குரல் படிக்கட்டு வழியாகப் புகை மாதிரி மேலே ஏறி வந்தது. "…இந்தக் கட்டடத்தில் ஓர் உயிர்கூடப் படியில் தவிக்கக் கூடாது என்பதே என் கனவு! அந்தக் கனவு இன்று நனவாகிவிட்டது!" கை தட்டல்.

மேலே நகம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. வாடா வாசலை விட்டு எழுந்துவிட்டது. ஆள் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நகச் சத்தம் நெருங்கியது. படியின் விளிம்பில் வந்து நின்றது. ஒரு முனகல்.

ரொட்டிக்காரர் குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "இரு."

நகச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு கால் எடுத்து வைக்கிற சத்தம்.

"இருடா."

நின்றது.

வலி தொடையில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறவனிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் இல்லடா. சும்மா உக்காந்திருக்கேன். காத்து நல்லா வருது இங்க. நீ இரு. மழை வரும் போல இருக்கு." இப்படி உட்கார்ந்து இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தோன்றியது.

வாடா படியில் கால் வைக்கவில்லை. ஆனால் குரைக்கக் கூடாது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. தலையைத் தூக்கிக் குரைத்தது. ஒரு தடவை குரைத்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. படிக்கட்டு முழுக்க இடி மாதிரி உருண்டு கூடம் வரை போனது. தலைவரின் உரை பாதியில் நின்றது. மைக்கைக் கையால் மூட அவர் மறந்துவிட்டார். "யோவ், போய் அந்த நாயை நிறுத்துய்யா! நான் நாய்க்காகத்தானே பேசிட்டிருக்கேன்!"

காவலாளி லிஃப்டில் நாலாவது மாடிக்குப் போனார். படியின் விளிம்பில் வாடா குரைத்துக்கொண்டு நின்றது, முன்னங்கால் இரண்டும் நடுங்க. எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, பெரியவரே!"

"மெதுவாப் பேசுப்பா. அது இறங்கிரும்."

காவலாளி வாடாவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து லிஃப்டில் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து, லிஃப்டிலேயே உட்கார வைத்து, கதவு மூடாமல் தன் தொப்பியை இடுக்கில் வைத்தார். பிறகு நாலைந்து படி இறங்கி வந்தார். ரொட்டிக்காரரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்குச் சான்று இல்லியே."

"இல்ல."

"உள்ள கேமரா இருக்கு."

"தெரியும் தம்பி. நீ போ. நான் கொஞ்சம் உக்காந்துட்டு…"

"பழைய தீர்மானம் ஒண்ணு இருந்துச்சே. அதை ரத்து பண்ணலதானே?"

"எது?"

"கால் தரையில படலைன்னா அது பயணி இல்ல. சாமான்."

அவர் பதில் சொல்வதற்குள் காவலாளி குனிந்து, ஒரு கையை முதுகுக்கும் இன்னொரு கையை முழங்காலுக்கும் கீழே கொடுத்து, அள்ளித் தூக்கிவிட்டார். "என்னங்க, மாவு மூட்டை கனம்கூட இல்ல நீங்க!"

லிஃப்டுக்குள் வாடா தன் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, நீல வில்லை தொங்க, சட்டப்படி நின்றது. ரொட்டிக்காரர் காவலாளியின் கையில் கிடந்தார்.

"காலை மடக்கிக்குங்க. பட்டுறப் போவுது."

மடக்கிக்கொண்டார். வாடா நிமிர்ந்து பார்த்தது. அவருடைய தொங்குகிற கையை ஒரு முறை நக்கியது. தன்னை ஒருவர் கையில் தூக்கியது எந்தக் காலத்தில் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்குள் மெத்தையில் இறக்கிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் வைத்துவிட்டு, நாற்காலி மடக்க வேண்டும் என்று காவலாளி ஓடிவிட்டார். ரொட்டிக்காரர் சாக்குத் தரையையும் சாய்ந்து நின்ற கட்டிலையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கீழே நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள், லிஃப்டுக்கும் சொன்னார்கள். வாடா வந்து அவருடைய நல்ல காலின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

அடுத்த நாள் காவலாளி கையில் ஒரு தாளோடு வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"கேமராவுல பார்த்துட்டாங்க. திட்டெல்லாம் இல்ல. தீர்மானப்படி எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா சாமானுக்குச் சொந்தக்காரர் கூட இருந்தாரான்னு கேட்டிருக்காங்க. அவர் பேரை எழுதணுமாம். என்ன எழுதட்டும்? உங்க மகள் பேரா?"

"அவ வெளியூர்ல இருக்கா. கூட இல்லியே."

"அப்ப வேற யாரு?"

ரொட்டிக்காரர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்த வாடாவின் காதைத் தடவினார். அது கண்ணைத் திறக்காமல் வாலை ஒருமுறை சாக்கில் தட்டியது.

"இதோட பேரை எழுதிக்க," என்றார். "நான் இதோட சாமான்தான்."